கார்க் கதவில் வெட்டிய வட்டம்

என் வீட்டுக் கோடியில், கிணற்றடிக்குப் போகும் வழியில், ஒரு கார்க் கதவு சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கடும்பச்சை நிறம். அந்தக் காலத்து விளையாட்டுக் கார்களுக்குக் கண்ணாடி வைத்த கதவு கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு தகட்டு மறைப்பு, அவ்வளவுதான். அதன் உட்பக்கத்தில் ஒரு பெரிய வட்டம் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியது நான். வட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கை வைக்கிற அளவு இடத்தில், பச்சை தேய்ந்து வெறும் இரும்பு தெரிகிறது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் என் மனைவி அதைக் கொடுத்துவிடச் சொல்வாள். நான் பிறகு பார்ப்போம் என்பேன். கார் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்துபோனது. கீல் பிணைச்சல் துருப்பிடித்துவிட்டதென்று இந்தக் கதவை மட்டும் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்ததால் இது தப்பிப் பிழைத்தது.

காருக்குச் சொந்தக்காரர் என் பெரியப்பா. அம்மாவின் அக்காவைக் கட்டியவர். துறைமுகத்து டொக்யார்ட்டில் இயந்திரங்களைப் பூட்டித் திருத்துகிற பிற்றராக இருந்தார். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுக் கப்பலேறியபோது, ஓர் அதிகாரி தன் காரைக் கொண்டுபோக வழியில்லாமல் அதைத் திருத்தித் திருத்தி வைத்திருந்த பெரியப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார். மேலே மடிக்கிற கன்வஸ் கூரையை எங்கள் கடற்காற்றும் உப்பும் நாலைந்து மாரியில் தின்று முடித்துவிட்டன. அதற்குப் பிறகு மழைக்குத் தார்ப்பாயும் வெயிலுக்குப் பெரியப்பாவின் தொப்பியும்தான் கூரை. ஊரில் அதை ‘மொட்டைக் கார்’ என்றார்கள். காரைச் சொல்கிறார்களா தன் தலையைச் சொல்கிறார்களா என்று பெரியப்பாவுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கு அண்ணன் முறை. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன செய்வான், சரக்குக் கப்பலில் ஏறிவிட்டான். முதலில் கடிதம் எழுதினான். பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கடிதம் வந்ததும் அதை மடிக்குள் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடுவாள். பெரியப்பா வேலைக்குப் போயிருப்பார். என்னைப் பிடிப்பாள், இல்லாவிட்டால் வீட்டுக்கு முன்னால் போகிற சின்ன ஒழுங்கையில் பள்ளிக்கூடத்தால் வருகிற ஏதாவதொரு பிள்ளையைப் பிடிப்பாள். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் திருப்தி வராது. “நீ வாசிக்கிறது கந்தோர்க் கடிதம் மாதிரியெல்லோ கிடக்கு” என்பாள். கந்தோர் என்றால் அரசாங்க அலுவலகம்.

இது அண்ணனுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில், அவன் ஜெர்மனியில் கப்பலை விட்டு இறங்கி அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்ட பிறகு, ஊருக்கு வந்த ஒரு கப்பல்காரரிடம் இரண்டு சாமான்கள் கொடுத்தனுப்பினான். ஒன்று, காருக்குப் பூட்டுகிற கசற் றேடியோ. மற்றது அவன் குரலைப் பதிந்த ஒரு கசற் நாடா. கப்பல்காரர் வாய்வழியாகச் சொன்ன செய்தி இதுதான்: இனிமேல் வாசிக்க ஆள் பிடிக்கத் தேவையில்லை, நானே அம்மாவோடு கதைக்கிறேன். காருக்கான கசற் றேடியோவை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை. நகரத்திலிருந்து சாம்பல்தீவுப் பக்கம் போகிற பாதையில் இருந்த எங்கள் ஒழுங்கைக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. மின்கம்பங்கள் சந்தியோடு நின்றுவிட்டன. அந்த வீட்டில் மின்சாரம் இருந்த ஒரே இடம் காரின் பற்றரி.

அந்தக் கசற் வந்து சேர்ந்தபோது பெரியம்மாவுக்குக் காது கேட்காது.

அதற்கு முந்தின வருடம் அவளுக்கு நெஞ்சு நோய் வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நெஞ்சு சுகப்பட்டது. ஆனால் முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு கிணற்றுக் கப்பியின் கிறீச்சு, பிறகு மனிதர் பேச்சு. சிலருக்கு அந்த ஊசி அப்படிச் செய்யும் என்றும், உயிர் வேண்டுமானால் வேறு வழியிருக்கவில்லை என்றும், நரம்பு செத்தால் செத்ததுதான் என்றும் டொக்டர் சொன்னார். மகனுக்கு இதை அறிவிக்கக் கூடாதென்று பெரியம்மா எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். “அங்க குளிருக்குள்ள கிடந்து பிள்ளை யோசிப்பான்” என்றாள். ஆகவே அவன், அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே என்று குரலை அனுப்பினான். இதற்கு யாரை நோவது?

நான் அப்போது நகரத்தில் ஒரு றேடியோத் திருத்தும் கடையில் வேலை பார்த்தேன். கசற் றேடியோவைக் காரில் பூட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் பழைய இங்கிலாந்துக் காரில் மின்சாரம் போகிற போக்கே தலைகீழ். ஜப்பான்காரன் செய்த பெட்டியை அப்படியே தொடுத்திருந்தால் புகைந்திருக்கும். சைக்கிள் ரியூபை வெட்டிப் பெட்டியைச் சுற்றிக் கட்டி, காரின் இரும்பில் எங்கும் முட்டாமல் தொங்கவிட்டேன். கூட வந்த சின்ன ஸ்பீக்கரை முன்பலகைக்குக் கீழே பூட்டினேன். பெரியம்மா முகம் கழுவி, பூப்போட்ட சேலை உடுத்து, எங்கோ பயணம் போகிறவள் போல வந்து காரில் ஏறி இருந்தாள். பெரியப்பா ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார். கார் அசையவில்லை. கசற் ஓடியது.

“அம்மா, கேக்குதே?” என்றான் அண்ணன். சொல்லிவிட்டு நிறுத்தினான். தொலைபேசியில் கதைக்கிறவன் போல, அவள் பதில் சொல்லட்டும் என்று இடம் விட்டிருந்தான். அந்த வெற்றிடத்தில் நாடா மட்டும் இரைந்தது. பிறகு, “கேக்குது எண்டு நினைக்கிறன்” என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். கசற் முழுக்க இப்படியே. சோறு வடிக்கப் பழகிவிட்டேன் அம்மா, நம்புறீங்களே? இடைவெளி. பனி முழங்கால் மட்டும் கிடக்கு, பயப்பிடாதேங்கோ என்ன? இடைவெளி. பெரியம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இன்னும் போடேல்லையே?” என்று கேட்டாள்.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஸ்பீக்கர் சரியில்லை” என்றார்.

அவர் வாழ்க்கை முழுவதும் இயந்திரங்களைத் திருத்தியவர். உடைந்தது எதுவானாலும் அதற்கேற்ற உதிரிப்பாகம் உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பது அவருடைய சமயம். டொக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். “டொக்டருக்குக் காது தெரியும். ஸ்பீக்கர் தெரியுமே?” என்றார். கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார். அந்தக் கதவுத் தகட்டில் முதல் துளையைப் போடும்போது என் கை கூசியது. அவர் தானே இரும்பு அரிகிற வாளை வாங்கி அரிய வந்துவிட்டதால் நானே அரிந்தேன். நல்ல ஸ்பீக்கர்கள்தான். ஒழுங்கையில் போனவர்கள் நின்று கேட்டார்கள். பெரியம்மாவுக்கு ஒன்றுமில்லை. அடுத்ததாக, கிண்ணியாவிலிருந்து பாதையேறி ஒரு முஸ்லிம் நானா வந்தார். பாதை என்றால் களப்பைக் கடக்கிற மிதவை. கலியாண வீடுகளுக்கும் கோயில் பள்ளிவாசல் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர் அவர். காரின் பின்புறத்தில் ஒரு புனல் ஸ்பீக்கரை நிமிர்த்தி வைத்து, சத்தத்தைக் கூட்டுகிற பெட்டியையும் பொருத்திவிட்டார்.

“அம்மா, கேக்குதே?” என்ற குரல் அன்று உள்துறைமுகம் வரைக்கும் போயிருக்கும். மாடுகள் கயிறு அறுத்தன. மூன்றாம் வீட்டு மூதாட்டி, கோயிலில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தலை வாரத் தொடங்கிவிட்டாள். பெரியம்மா அந்தப் புனலுக்கு நேரே நின்று, “கொஞ்சம் கூட்டுங்கோ” என்றாள். நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வயரைச் சுற்றத் தொடங்கினார். “காதுக்குக் கேக்காட்டிக் கடலுக்குக் கேட்டு என்ன தம்பி செய்ய?” என்றார் என்னிடம். வேலிக்கு அப்பால் யாரோ, செவிடன் காதில் சங்கு ஊதின கதை என்று சொல்லக் கேட்டது. பெரியப்பா அந்த மனிதரோடு அதற்குப் பிறகு கதைக்கவேயில்லை.

அவன் என்ன சொல்கிறான் என்று நாங்கள் சொல்லாமலா விட்டோம்? எல்லோரும் சொன்னோம். வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து சொன்னோம். குளிருக்குத் தோளைக் கட்டிக் காட்டினோம், சோற்றுக்கு வயிற்றைத் தடவிக் காட்டினோம். விளங்கியது என்று தலையாட்டுவாள். பிறகு, “அது நீங்கள் சொல்லுறது” என்பாள். அவளுக்கு வேண்டியது செய்தியல்ல.

புனலைக் கழற்றினோம். நானா அந்தச் சத்தம் கூட்டும் பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். பெரியப்பா எங்கோ ஒரு பழைய படமாளிகையிலிருந்து சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தாங்கக்கூடிய கதவா அது? வட்டத்தை இன்னும் பெரிதாக வெட்டி, பெரியம்மா இருக்கும் பக்கத்துக் கதவில் முறுக்கினேன். பெரியம்மாவை ஏற்றிவைத்துக் கசற்றைப் போட்டால் கதவு முழுவதும் தகரம் போல அதிர்ந்தது. என் தொழிலில் அதைவிட வெட்கக்கேடு இல்லை. உள்ளே பழைய கம்பளித் துண்டுகளை அடைத்து அந்த அதிர்வை நிறுத்தினேன். பெரியம்மா மறுபடி காரில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். கசற்றைப் போட்டேன்.

“தம்பி, முன்னம் போட்டதைப் போடு” என்றாள்.

“எதைப் பெரியம்மா?” என்று வாயசைத்தேன்.

“கையில என்னவோ பட்டது. இப்ப இல்லை.”

அடைத்த கம்பளியை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். கசற்றை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டோம். அவள் உள்ளங்கையை வட்டத்துக்கு மேலே வைத்துக் கண்ணை மூடினாள். குரல் வரும்போது விரல்கள் இலேசாக நடுங்கின, இடைவெளியில் அடங்கின. கசற் பாதி ஓடி முடிந்தது. பிறகு, “அவசரப்பட்டுக் கதைக்கிறான். சின்னனிலயும் இப்படித்தான்” என்றாள். பெரியப்பா காரை விட்டு இறங்கி வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அதன்பிறகு பின்னேரங்களில் இதுதான் வழக்கம். முதலில் நான் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏதோ மனத்துக்கு ஆறுதலாகச் செய்கிறாள் என்று எண்ணினேன். ஒருநாள் பெரியப்பா மாறி ஒரு சினிமாப் பாட்டுக் கசற்றைப் போட்டுவிட்டார். அவள் உடனே கையை எடுத்துவிட்டு, “இது அவனில்லை” என்றாள். பிறகு எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சொல் ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை, மற்றதெல்லாம் விளங்கியது.

இடைவெளியில் பதில் சொல்லப் பழக்கியது ஒழுங்கைப் பெண்கள். கதவு நடுங்குவது நின்றால் அவன் உன்னிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்று அர்த்தம், அப்போது நீ சொல் என்று கைச்சாடையில் விளக்கினார்கள். அவள் அந்த நேரம் பார்த்து, “ஓம் ராசா” என்பாள். சோறு வடிக்கப் பழகிட்டன், நம்புறீங்களே? ஓம் ராசா. பயப்பிடாதேங்கோ என்ன? ஓம் ராசா. எவ்வளவு பொருத்தமாக விழும் தெரியுமா? பிள்ளை தாயிடம் கேட்கிற கேள்விகளில் பாதிக்குமேல் ஓம் என்ற பதிலே போதுமானதாக இருக்கிறது. நான் கடையிலிருந்து ஒரு சின்ன கசற் றெக்கோடரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, அவன் குரலையும் அவள் பதிலையும் சேர்த்துப் பதிந்தேன். அதை அவனுக்கு அனுப்பினோம். அடுத்த கசற்றில் அவன் அடைந்த சந்தோசத்துக்கு அளவில்லை. “பக்கத்தில இருந்து கதைச்ச மாதிரி இருந்ததம்மா, இனி எல்லாத்தையும் இப்படியே பதிஞ்சு விடுங்கோ” என்றான். நாங்களும் அப்படியே செய்தோம். அந்தச் சில மாதங்கள் நல்ல மாதங்கள். பெரியப்பா அந்தக் கதவை ஏதோ பெரிய கப்பலைத் திருத்திவிட்டவர் போல ஒவ்வொரு நாளும் துடைத்தார்.

நான் மறக்காத கசற் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தது. கப்பல்காரர் கையில் தந்துவிட்டு, அடுத்த நாளே புறப்படுவதாகவும் பதிலைத் துறைமுகத்தில் தரும்படியும் சொல்லிப் போனார். கூரையில்லாத காரில் எந்தக் கதையும் தங்காது. ஒழுங்கைப் பெண்கள் வழக்கம்போல வேலியோரம் கூடிவிட்டார்கள். பெரியம்மா கையை வைத்தாள். நான் றெக்கோடரை அமுக்கினேன்.

“அம்மா, இதை நீங்கள் தனிய இருந்து கேளுங்கோ” என்று தொடங்கினான் அண்ணன்.

நிறுத்துவதற்குக் கை போனது. பெரியம்மா முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, அவ்வளவு ஆவலோடு இருந்தாள். நிறுத்தினால் என்ன காரணம் சொல்வது? பெரியப்பாவும் நிறுத்தவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறானாம். போன மாதம் ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறதாம். அங்கேயே இருப்பதென்றால் இப்போது முடிவு சொல்லவேண்டுமாம். சொன்னால் இனி ஊரில் வந்து குடியிருப்பது நடக்காதாம். இடையில் அழுதான். பெரியம்மாவின் விரல்கள் ஒருதரம் நின்று, மறுபடி நடுங்கின.

“நீங்கள் வா எண்டால் எல்லாத்தையும் விட்டிட்டு வாறன். உங்களைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டன். அம்மா, நான் இஞ்சயே இருந்திடட்டே?”

கதவு அடங்கியது. வேலியோரம் நின்றவர்கள் பெரியம்மாவின் வாயைப் பார்த்தார்கள்.

“ஓம் ராசா” என்றாள் பெரியம்மா. வழக்கமாக ஒருதரம்தான் சொல்வாள். அன்று, அவன் நெடுநேரம் இடைவெளி விட்டிருந்ததால், பதில் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் சொன்னாள். “ஓம் ராசா, ஓம்.”

நாடா முடிந்து சொடுக்கிட்டு நின்றது. அவள் கண்ணைத் திறந்து, மலர்ந்த முகத்தோடு, “கனக்கக் கதைச்சிட்டான் இண்டைக்கு. என்னவாம்?” என்று கேட்டாள். பெரியப்பா வாயைத் திறந்தார். கையைத் தூக்கினார். குளிருக்கும் சோற்றுக்கும் சாடை வைத்திருந்த மனிதர்; இதற்கு என்ன சாடை காட்டுவார்? தூக்கிய கையால் தன் தலையைத் தடவிவிட்டு, “சுகமாம்” என்று வாயசைத்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அவள் சமைக்கக் குசினிக்குள் போனபிறகு, பதில் பதிந்த கசற்றை அனுப்பவேண்டாம் என்று நான் சொன்னேன்.

“அனுப்பாமல்?” என்றார் பெரியப்பா. “அவளுக்கு விளங்கப்படுத்திறதெண்டு வை. வா எண்டு சொன்னாளெண்டால் அங்க ஒரு பச்சைப்பிள்ளை தகப்பன் இல்லாமல் நிக்கும். இரு எண்டு சொன்னாளெண்டால், சொல்லிப்போட்டு இவள் உயிரோட இருப்பாளே? எதையடா நான் செய்ய?”

“உண்மை தெரியாமல் சொன்னது பெரியப்பா.”

“ஓம். எனக்குத் தெரியாதே?” என்றார். பிறகு ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்து, வட்டத்தைச் சுற்றியிருந்த நாலு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். அவை தளரவில்லை. திருத்த ஏலாத ஒன்றின் முன்னால் அந்த மனிதரை நான் கண்டது அன்றைக்குத்தான். 

முடிவு எங்கள் கையில் இருக்கவும் இல்லை. அடுத்த நாள் விடிய, பெரியம்மா அந்தக் கசற்றைக் கருவாட்டுச் சம்பல் போத்தலோடு சேர்த்துத் துணியில் முடிந்து, தானே துறைமுக வாசலுக்கு நடந்துபோய்க் கப்பல்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிள்ளை பதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பான் என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஒழுங்கை மூடிக்கொண்டது. அத்தனை வீட்டுக்கும் தெரிந்த கதை, அவளுக்கு மட்டும் தெரியாது. அதன் பிறகும் கசற்றுகள் வந்தன. சித்திரை வருசத்துக்கு வருவானோ என்று அவள் கேட்பாள். பெரியப்பா கையை விரிப்பார். ஒவ்வொரு பங்குனியிலும் அவன் மெத்தையை வெயிலில் காயப்போடுவாள். ஒழுங்கைப் பெண்கள் வந்து மெத்தைக்கு ஒரு பக்கம் பிடித்துக் கொடுப்பார்கள். கார் எரிவதற்கு முந்திய மாரியில் அவள் போய்விட்டாள். அவளுக்குப் பின் பெரியப்பா காரில் ஏறவில்லை.

அண்ணன் போன வருடம்தான் வந்தான். தலை நரைத்திருந்தது. கூட மனைவியும், வளர்ந்துவிட்ட மகளும். அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மாவின் நெற்றி. கிணற்றடிக்குப் போகிற வழியில் கதவைக் கண்டு நின்றான். வட்டத்துக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தான்.

“அம்மா கொஞ்சமும் யோசிக்கேல்லையடா” என்றான். “நான் கேட்டு வாய் மூடுமுன்னம் ஓம் எண்டவ. ரெண்டுதரம் சொன்னவ. அவ மட்டும் வா எண்டு சொல்லியிருந்தால் இவள் தகப்பன் இல்லாமல் வளந்திருப்பாள். அந்தக் கசற்றை இன்னும் வைச்சிருக்கிறன். மனம் சரியில்லாத நேரம் போட்டுக் கேக்கிறனான்.”

 ஒழுங்கை முழுவதும் இத்தனை வருடம் காத்த வாயை நான் என்னவென்று திறப்பது? திறந்து யாருக்கு என்ன கொடுப்பது?

அவன் மகள் தகப்பனிடம் ஏதோ கேட்டாள். அவன் குனிந்து, வட்டத்துக்கு மேலே பச்சை தேய்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

“இவள் கேக்கிறாள், இந்த இடத்தில மட்டும் ஏன் பெயின்ற் போயிட்டுதாம்?”

“வெயில் பட்டு” என்றேன்.

அவன் அந்த இரும்பின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“ஓம்” என்றான்.